வீடு நம்மளது, மனை சாமியோடது

என் அத்தை வீடு மயிலாப்பூரில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. எந்தத் தெரு என்று சொல்லப்போவதில்லை. ஸ்கூல் லீவு விட்டால் அங்கேதான் கிடப்பேன். வாசலில் திண்ணை, ரேழியைத் தாண்டினால் முற்றம், தலைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். அதாவது மர உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்திவைத்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட கூரை.

போன தடவை போனபோது சும்மா கேட்டேன். "ஏன் அத்தை, பக்கத்துத் தெரு முழுக்க ஃப்ளாட் ஆயிடுச்சு. நீங்க மட்டும் ஏன் பில்டர்கிட்ட குடுக்கலை?"

அத்தை சிரித்தார். "குடுக்கறதுக்கு நம்மளதா இருக்கணுமேடா. வீடு நம்மளது, மனை சாமியோடது."

நாற்பத்தைந்து வயதில்தான் இது எனக்குத் தெரிய வருகிறது! வீட்டுக்கு வந்ததும் ஆன்லைனில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்த்தேன். உரிமையாளர் பெயரில் ஒரு கோயில். சொத்து வரி ரசீதிலோ அத்தை பெயர். டேட்டாபேஸ் எழுதிப் பிழைக்கிற எனக்கு, ஒரே முகவரிக்கு இரண்டு ஓனர் என்பது பிழை மாதிரிதான் பட்டது. பிழை இல்லை. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஏற்பாடு. இதற்கு அடிமனை என்று பெயர். கோயில் மனையை வாடகைக்கு எடுத்து, குடும்பம் தன் காசில் வீடு கட்டிக்கொள்ளும். மனைக்கு மட்டும் மாதா மாதம் வாடகை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1882ஆம் வருட சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, மனையைக் காலி செய்யச் சொன்னால் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் சுவரைப் பிரித்தால் கிடைப்பது உடைந்த செங்கல்தானே? முதல் உலகப் போருக்குப் பின் சென்னையில் நில மதிப்பு ஏறியபோது, மனைக்காரர்கள் குடியிருப்பவர்களை வெளியேற்றப் பார்த்தார்கள். அதற்காக வந்ததுதான் 1921ஆம் வருட சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். வக்கீல்கள் சிட்டி டெனன்ட்ஸ் ஆக்ட் என்பார்கள். காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. அதைவிடப் பெரிய விஷயம் 9ஆம் பிரிவு. குடியிருப்பவர் நீதிமன்றம் போய், "இந்த மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

இந்தச் சட்டம் வந்தது நீதிக்கட்சி ஆட்சியில். அதே ஆட்சியில்தான் தி.நகரும் பிறந்தது. 1920ல் நகரமைப்புச் சட்டம், 1923 வாக்கில் லாங் டேங்க் எனப்பட்ட பெரிய ஏரியை வடித்து மனை போடும் வேலை. தியாகராயர், பனகல் ராஜா, டி.எம். நாயர், உஸ்மான் என்று கட்சிக்காரர்கள் பெயர்களையே பேட்டைக்கும் பூங்காவுக்கும் சாலைகளுக்கும் வைத்தார்கள். மயிலாப்பூர் அடிமனைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. தி.நகர் மனைகள் தனியாருக்கு விற்கப்பட்டவை. மண்ணும் வீடும் ஒரே ஆள் பெயரில்.

அறுபது, எழுபது வருஷம் கழித்து அந்த வித்தியாசம் வேலை செய்தது. ஃப்ளாட் கட்டுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பில்டர் வீட்டை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. உரிமையாளர் மனையில் பிரிபடாத பங்குகளை, அதாவது யூடிஎஸ்ஸை, ஃப்ளாட் வாங்குபவர்களுக்கு எழுதிக்கொடுப்பார். பதிலுக்கு அவருக்கும் சில ஃப்ளாட். மொத்த வியாபாரமும் மண் உரிமையின் மேல்தான் நிற்கிறது. தி.நகரின் தோட்ட வீடுகள் வரிசையாக விழுந்ததும், மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து ரங்கநாதன் தெரு கடைத்தெரு ஆனதும் அங்கே விற்க முடிந்ததால். மனையளவைப் போல் 1.5 மடங்கு கட்டலாம் என்றிருந்த பொது வரம்பை 2019 விதிகள் 2 மடங்காக்கின. பழைய வீட்டை இடிக்க இன்னொரு காரணம்.

அடிமனையில் இது நடக்காது. 1959ஆம் வருட அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேண்டும். அத்தையால் யூடிஎஸ் எழுத முடியாது. அதனால் எந்த பில்டரும் கதவைத் தட்டவில்லை. அந்தத் திண்ணை பிழைத்தது பாரம்பரியப் பற்றால் அல்ல, விற்க முடியாததால். பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஆனால் அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தக் காப்பு விலகிக்கொண்டிருக்கிறது. கோயில்களுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து 1976லேயே விலக்கு தந்தாயிற்று. சரியாக இருபது வருஷம் கழித்து, 1996ல், எல்லா மத நிறுவனங்களின் நிலங்களையும் சிட்டி டெனன்ட்ஸ் ஆக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நடந்துகொண்டிருந்த வழக்குகளும் அதோடு போயின. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கின் பெயரே மயிலாப்பூர் கிளப். 2005ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அறநிலையச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 34-ஏ பிரிவு, வாடகையைச் சந்தை நிலவரத்தை ஒட்டி நிர்ணயிக்கச் சொல்கிறது.

கோயில் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். விளக்குக்கும் பூஜைக்கும் யாரோ எழுதிவைத்த நிலம் அது. கோயிலுக்குச் சில்லறையைக் கொடுத்துவிட்டு, முன்பக்கத்தைக் கடைக்கு உள்வாடகை விட்டு அதைப் போல் பல மடங்கு வாங்குகிறவர்கள் உண்டு. 9ஆம் பிரிவு அப்படியே இருந்திருந்தால் மனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறி, கடைசியில் அங்கேயும் ஃப்ளாட்தான் வந்திருக்கும்.

ஆனால் அத்தை மாதிரி பென்ஷனில் இருப்பவர், மயிலாப்பூர் நில விலையை ஒட்டி வரும் வாடகையை எத்தனை நாள் தாங்குவார்? உத்தரம் ஒன்று இறங்கியிருக்கிறது. மண் தன் பெயரில் இல்லாததால் பாங்க் கடன் கிடையாது. எத்தனை வருஷம் இருப்போம் என்றே தெரியாத வீட்டில் யார் லட்சக்கணக்கில் போடுவார்கள்? பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டத்தைச் சட்டசபை 2012லேயே நிறைவேற்றியது. அமலுக்கு வந்தது 2024ல். பட்டியலில் ஏறினால் அது சுவரைக் காக்கும். உள்ளே இருப்பவரை?

தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டன் நகரில் 1984ல் ஒரு நில அறக்கட்டளை தொடங்கினார்கள். மண் அறக்கட்டளையுடையது, வீடு குடியிருப்பவருடையது. நகரத்தில் சாமானியர் தொடர்ந்து வாழ ஒரு வழி என்று பல ஊர்களில் இதைப் பின்பற்றுகிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அட, இது நம்ம அடிமனை! வித்தியாசம் என்னவென்றால், இந்த மாதிரி அறக்கட்டளைகள் வழக்கமாக 99 வருஷக் குத்தகை எழுதிக்கொடுக்கும். வீட்டை என்ன விலைக்கு விற்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் வாய்வார்த்தை, பழைய ரசீது, பிறகு கோர்ட்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் அதே 34ஆம் பிரிவில் ஆணையர் அனுமதியோடு நீண்ட குத்தகைக்கு வழி இருக்கிறது. வீட்டைப் பழைய அமைப்பிலேயே பழுது பார்த்து வைத்து, தானே குடியிருப்பவருக்கு நீண்ட குத்தகை, தாங்கக்கூடிய வாடகை. கடை வைத்தால் கடை வாடகை. கோயிலுக்கும் வருமானம் வரும், தெருவும் நிற்கும்.

அத்தையிடம் போனில் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா. மழைக்கு முன்னாடி அந்த உத்தரத்தை மாத்தலாமா, வேண்டாமா? அதைச் சொல்லு" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.