ஔவைக்கு எப்போது நரைத்தது?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் மலை அரங்கநாதர் குடைவரைக்குப் போனேன். அத்தைக்கு 71 வயது, முட்டி வலி வேறு. பத்துப் படிக்கு ஒருதரம் நின்று நின்றுதான் ஏறினோம். அந்தக் குடைவரைக்குக் கல்வெட்டில் உள்ள பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம். 8ஆம் நூற்றாண்டு வாக்கில் அதியர் குலத்துக் குணசீலன் வெட்டுவித்தது. இதை அத்தையிடம் சொன்னதும் அவர் கேட்டார்:

"அப்போ ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்தாரே, அந்த அதியமான் வம்சமா கண்ணு?"

"அதே குலந்தானுங்க அத்தை."

அத்தை சிரித்துவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்தவர். பசங்க வைத்த பட்டப்பெயர் 'ஔவையார் டீச்சர்'. ஆத்திசூடி சொல்லிக்கொடுத்ததால் வந்த பெயர் அல்ல, ஆத்திசூடி எல்லா டீச்சரும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அத்தை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதுதான் காரணம். எங்கள் வீட்டில் இதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. செவ்வாய் தோஷம் என்பார் அப்பா. காலேஜில் யாரையோ நினைத்திருப்பாள் என்பார் பெரியம்மா. தம்பி தங்கைகளுக்காகத் தியாகம் செய்தாள் என்பது மூன்றாவது கதை. அத்தையிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

அன்று இறங்கி வரும்போது நான் கேட்டேன். அத்தை சொன்னது இவ்வளவுதான்:

"எனக்கு யாரு மேலயும் கோவமுமில்ல, யாரு மேலயும் அந்த மாதிரி ஆசையுமில்ல கண்ணு. சின்ன வயசுலயும் இல்ல, பொறவும் இல்ல. அதைச் சொன்னா எவன் நம்புவான்? வாரத்துக்கு ஒரு சாதகம் வந்துட்டே இருக்கும். நாப்பத்தஞ்சுல தலை நரைச்சுது பாரு, அப்பறந்தான் நிம்மதி. ஒருத்தரும் கேக்கல."

அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. ஔவையின் கதையும் இதுதானே! கல்யாணம் பேசுகிறார்கள், அந்தப் பெண் பிள்ளையாரிடம் போய் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்ததும் புறநானூற்றை எடுத்து உட்கார்ந்தேன். அதில் தேடியதும் கிடைத்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்

அத்தை சொன்ன நிலைக்கு ஆங்கிலத்தில் இப்போது பெயர் இருக்கிறது. யார் மேலும் பாலீர்ப்பு தோன்றாதவரை ஏசெக்சுவல் என்கிறார்கள். காதல் என்கிற ஈர்ப்பே தோன்றாதவரை ஏரொமான்டிக் என்கிறார்கள். ஒன்று இருந்து மற்றது இல்லாதவர்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் பாலீர்ப்பின்மை, காதலீர்ப்பின்மை என்றே எழுதுகிறேன்.

இது பிரம்மச்சரியம் இல்லை. பிரம்மச்சரியம் என்பது ஆசையை அடக்குவது. மலட்டுத்தன்மையோ ஆண்மைக்குறைவோ காதல் தோல்வியோ இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அறிவியலுக்கே நாளாயிற்று. அமெரிக்காவில் ஆல்பிரட் கின்சி 1948இல் வெளியிட்ட ஆய்வில் மனிதர்களின் ஈர்ப்பை 0 முதல் 6 வரை ஓர் அளவுகோலில் வைத்தார். எதிலும் அடங்காதவர்களுக்கு 'எக்ஸ்' என்று ஒரு குறி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். 2001இல் டேவிட் ஜே என்கிற அமெரிக்க இளைஞர் தொடங்கிய இணையதளத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் பெரிய அளவில் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். 2004இல் கனடாவின் ஆன்டனி போகார்ட், 18,000க்கும் மேற்பட்ட பிரிட்டன்காரர்களிடம் முன்பு எடுத்த ஒரு கணக்கெடுப்பை அலசி, சுமார் 1 சதவீதம் பேர் 'யார் மேலும் ஈர்ப்பு தோன்றியதே இல்லை' என்று சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டினார். நூற்றில் ஒருவர் என்றால், அத்தை வேலை பார்த்த பள்ளியிலேயே அவர் மட்டும்தானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏழு திணையும் ஓர் ஆளும்

சரி, தமிழுக்கு வருவோம். காதலை இவ்வளவு நுணுக்கமாக வகைப்படுத்திய இலக்கியம் உலகில் குறைவு. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பிரிக்கிறது. நடுவில் உள்ள ஐந்தும் ஒத்த அன்பு, அதற்கு நிலம் உண்டு, பொழுது உண்டு, பூ உண்டு. ஒருபுறம் கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல். மறுபுறம் பெருந்திணை, பொருந்தாத காதல். ஒருவன் மட்டும் விரும்பினால் அதற்கு ஒரு திணை, தகாதபடி விரும்பினால் அதற்கும் ஒரு திணை. விரும்பாதவர் எங்கே போவார்?

புறத்தில் தேடினால் வாகைத் திணையில் ஒரு துறை கிடைக்கிறது. காமத்தைக் கைவிட்ட நிலை அது. துறவிகளுக்கான இடம். ஒன்றைக் கைவிட வேண்டுமென்றால் முதலில் அது கையில் இருக்க வேண்டும். ஆக, விட்டவருக்குத் தமிழ் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. முதலிலிருந்தே இல்லாதவருக்கு இல்லை. அத்தை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கொல்லிமலை தெரியும். மலை இருக்கிறது, குறிஞ்சித் திணை இருக்கிறது, அத்தைக்குத்தான் திணை இல்லை.

தகடூரில் இருந்த ஔவை

இப்போது ஔவை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் வெறும் பாட்டுக் கதையல்ல. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அவன் பெயரே இருக்கிறது.

சங்க நூல்களில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இந்த 59ஐயும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கோல் ஊன்றிய பாட்டி ஒருத்தி உங்களுக்குக் கிடைக்கமாட்டார். கிடைப்பவர் வேறு ஆள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய பளபளக்கும் ஆயுதச் சாலையைப் புகழ்வதுபோல் குத்திக் காட்டுகிறார் (புறம் 95). பரிசில் தரத் தாமதமானதும் வாயில்காவலனிடம் கோபித்துக்கொண்டு மூட்டையைக் கட்டுகிறார் (206). அவர் பாடிய 89ஆம் பாட்டில் எதிரி வேந்தன் ஒரு விறலியிடம் 'உன் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறதா' என்று கேட்கிறான். மை தீட்டிய கண்ணும் நகை அணிந்த இடையும் உடைய இளம் பெண் அந்த விறலி. அது ஔவையேதான் என்று கொள்பவர்கள் உண்டு.

அதியமான் இறந்ததும் பாடிய 235ஆம் பாட்டு முக்கியமானது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்கிறார். புலால் நாறும் என் தலையை அவன் தன் மணக்கும் கையால் தடவிக்கொடுப்பான் என்கிறார். இதைப் படித்துவிட்டு இருவருக்குள்ளும் காதல் இருந்திருக்குமோ என்று ஊகித்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் அதற்கு ஆதாரம் இல்லை. கணவன், காதலன், குழந்தை எதுவும் அவர் புறப்பாட்டில் அவருக்கு இல்லை. 26 அகப்பாட்டு பாடியிருக்கிறாரே என்றால், அகத்தில் பேசுபவர்கள் தலைவியும் தோழியும். யார் பெயரும் சுட்டக்கூடாது என்பதே அகத்தின் விதி. காதலைப் பாடத் தெரிந்திருந்தது என்பதற்கு மேல் அவை எதையும் நிரூபிக்காது.

இதே புறநானூற்றில் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே நட்பு, ஒருவர் வடக்கிருக்க மற்றவரும் வந்து வடக்கிருந்தார். இரண்டு ஆண்கள். அது நட்பு என்று எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொண்டோம், வேறு விளக்கம் தேடவில்லை. அந்தப் பிசிராந்தையார் 191ஆம் பாட்டில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறார். இவ்வளவு வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்பது கேள்வி. மனைவி நல்லவள், மக்கள் அறிவுடையவர்கள் என்று தொடங்குகிறது பதில்.

குடும்பம் உள்ள ஆணுக்கு நரைக்கவே இல்லை. குடும்பம் இல்லாத பெண்ணுக்குப் பின்னால் வந்தவர்கள் நரை வைத்துவிட்டார்கள்.

நரை வந்த வழி

ஆத்திசூடி, கொன்றைவேந்தன் பாடிய ஔவை வேறொருவர். சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். பெயர் ஒன்றாக இருந்ததால் எல்லா ஔவையும் மக்கள் நினைவில் ஒரே ஆளாகிவிட்டார்கள். பிள்ளையாரிடம் முதுமை கேட்ட கதை இந்தக் கலப்பில் வளர்ந்தது. சங்கப் பாட்டில் அது கிடையாது.

நம் தலைமுறைகளுக்கு அந்த முகத்தைக் கொடுத்தது 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்'. கல்யாண ஏற்பாடு, அழுகை, பிள்ளையார் முன் வேண்டுதல், உடனே நரை. அதன் பிறகு கே.பி. சுந்தராம்பாள் பாட ஆரம்பிக்கிறார். அவர் எங்கள் ஊருக்குக் காவிரி தாண்டினால் வரும் கொடுமுடிக்காரர். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளைப் புடவையிலேயே வாழ்ந்தவர். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த சிலையும் கோல் பிடித்த பாட்டிதான்.

ஔவை தனி ஆள் இல்லை. காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் கேட்டு வாங்கினார். ஆண்டாள் பெருமாளைத் தவிர யாரையும் மணக்கமாட்டேன் என்றார். அப்பரின் அக்கா திலகவதியார், நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்ததும் தனியாகவே இருந்துவிட்டார். முதுமை, பேய், கடவுள், இழப்பு. ஒவ்வொருவரும் ஒரு காரணச் சீட்டைக் காட்டித்தான் கல்யாணத்திலிருந்து வெளியே வர முடிந்திருக்கிறது. 'எனக்கு வேண்டாம்' என்பது மட்டும் காரணமாகச் செல்லுபடியாகவில்லை. எங்கள் வீட்டில் அத்தைக்குச் சொன்ன மூன்று கதையும் இதே மாதிரிச் சீட்டுகள்தான்.

எங்கள் பக்கத்து எழுத்து

உடம்பைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் பேசத் தயங்காத மண்தான் இது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஏ. ரேவதி, திருநங்கைகளின் வாழ்க்கையைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' கொண்டுவந்தார், பிறகு 'வெள்ளை மொழி' என்று தன் வரலாறே எழுதினார். திருச்செங்கோட்டைக் களமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்து, 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது எல்லாரும் அறிந்தது.

அந்த நாவலில் காளிக்கும் பொன்னாவுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை நிறைய இருக்கிறது. பிள்ளைதான் இல்லை. அந்த ஒரு குறையை ஊர் எப்படிக் குத்திக் குத்திப் பேசும் என்பதை எங்கள் பேச்சிலேயே எழுதியிருப்பார். அதைப் படித்தபோது என் மனதில் ஓடியது வேறு. பிள்ளை இல்லாததையே இந்த ஊர் இப்படிப் பேசும் என்றால், ஆசையே இல்லாதவரை என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. சொல்ல அதனிடம் வார்த்தை இல்லை. கதைதான் கட்டும்.

வார்த்தைகள் இப்போது வர ஆரம்பித்திருக்கின்றன. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, பால்புதுமையினரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. வெளிநாட்டில் நாவல்களே வந்துவிட்டன. பிரிட்டனின் ஆலிஸ் ஓஸ்மேன் 2020இல் எழுதிய 'லவ்லெஸ்' நாயகி, தனக்குக் காதல் வராது என்று புரிந்துகொண்டு தோழமையில் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறாள். 1985இல் புக்கர் பரிசு வாங்கிய நியூசிலாந்தின் கெரி ஹியூம், தான் அப்படிப்பட்டவர் என்று வெளிப்படையாகவே சொன்னவர். தமிழில் அப்படி ஒரு நாயகி என் கைக்கு இன்னும் வரவில்லை. வந்தால் முதல் பிரதி அத்தைக்கு.

ஒரு எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு 'ஔவையார் ஏசெக்சுவல் என்று இவள் சொல்கிறாள்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2000 வருஷத்துக்கு முந்திய ஒருவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. நான் சொல்வது அவரைப் பற்றியல்ல, அவருக்குப் பின்னால் வந்த நம்மைப் பற்றி. கள் குடித்து, தூது போய், அரசனோடு சரிக்குச் சரி பழகிய ஒரு பெண்ணுக்கு அருகில் கணவன் இல்லை என்றதும், நமக்கு அவரை ஏற்கத் தெரிந்த ஒரே வழி நரை.

இதை எழுதி முடித்து அத்தைக்குப் போனில் படித்துக் காட்டினேன். 89ஆம் பாட்டு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மை வெச்சிருந்தாங்களா?"

"ஆமாங்க அத்தை. நகையும் போட்டிருந்தாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நானும் வெச்சுட்டிருந்தேன் கண்ணு. மை வெச்சா யாருக்குடி காட்டறேன்னு கேப்பாங்கன்னுட்டு விட்டுட்டேன்" என்றார்.

எனக்கு இப்போது 36. என் ஜாதகமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அத்தை நாற்பத்தைந்து வயது வரைக்கும் காத்திருந்தார். நான் காத்திருக்கப் போவதில்லை, அதனால்தான் இதை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அத்தைக்கு ஒரு மை டப்பா வாங்கிப் போக வேண்டும்.