ஆமைக்குக் கட்டளை போட்ட குழந்தைகள்

அரியலூர் பக்கம் ரெட்டிபாளையம் என்றதும் நினைவுக்கு வருவது சிமெண்ட் ஆலைதான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள், புழுதி... சிமெண்ட் சூளைக்குள் கல் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் வேகிறது. நவீன ஆலைகளில் அந்த வெப்பத்தைக் கவனித்துக் கூட்டிக் குறைப்பது கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டர்கள். ஆக, எந்திரத்துக்குக் கட்டளை எழுதும் வேலை இந்த வட்டாரத்துக்கு அந்நியமானது அல்ல. அது ஊர்ப் பிள்ளைகள் கைக்கு எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

இப்படி ஒரு ஊரில் குழந்தைகளுக்கு புரோகிராமிங், ரோபோ வகுப்பு தொடங்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால், அடுத்த நிமிடமே "எத்தனை கம்ப்யூட்டர் வேணும், என்ன ரேட்டு?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால், அது முதல் கேள்வியாக இருந்த இடங்களில் எல்லாம் திட்டம் தடுமாறியிருக்கிறது.

கதை 1967-ல் அமெரிக்காவில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வாலி ஃபியூர்சைக், செமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். பெயர் லோகோ. பேப்பர்ட் கணித மேதை. அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயுடன் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும் பூதம்! பிள்ளைகள் முன்னால் இருந்தது தட்டச்சுப் பொறி மாதிரி ஒரு கருவி மட்டும்தான். 1968-69 கல்வியாண்டில் லெக்ஸிங்டன் ஊர்ப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு வழக்கமான கணக்குப் பாடத்துக்குப் பதிலாக லோகோ நடத்தினார்கள். நம்ம ஊரில் கணக்குப் பீரியடை யாராவது விட்டுக்கொடுப்பார்களா என்று யோசித்தால் அதன் துணிச்சல் புரியும்.

அடுத்து வந்ததுதான் ஆமை. தரையில் ஊரும் சின்ன ரோபோ, அடியில் ஒரு பேனா. (1940-களின் இறுதியில் இங்கிலாந்தில் கிரே வால்டர் செய்த ஆமை ரோபோக்களிலிருந்து வந்த பெயர்.) ஃபார்வேர்ட் 50 என்றால் ஐம்பது அடி வைக்கும். ரைட் 90 என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் நாலு தடவை சொன்னால் சதுரம். அவ்வளவுதான்.

சமபக்க முக்கோணம் போடச் சொன்னால்தான் வேடிக்கை. புத்தகத்தில் முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்த பிள்ளை ரைட் 60 என்று அடிக்கும். மூன்று கோடு போட்டு முடித்த பிறகும் முக்கோணம் மூடாது; பாதி அறுகோணமாக அந்தரத்தில் நிற்கும்! எங்கே தப்பு? பிள்ளை எழுந்து தானே ஆமையாகி நடந்து பார்க்கும்போது விளங்கும். மூலையில் திரும்ப வேண்டியது உள்கோணம் அல்ல, வெளிக்கோணம், 120. வாத்தியார் சிவப்பு மையில் அடித்துத் தருகிற தப்பு அல்ல இது, தானே கண்டுபிடித்துத் திருத்துகிற தப்பு. 1980-ல் பேப்பர்ட் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தின் சாரமே இந்தத் திருத்துதல்தான் என்று சொல்லலாம். லெகோ கம்பெனி 1998-ல் வெளியிட்ட ரோபோ பெட்டிக்கு அந்தப் புத்தகத்தின் பெயரைத்தான் வைத்தது. (2022 முடிவோடு அந்தப் பெட்டி நிறுத்தப்பட்டுவிட்டது.)

சரி, இந்தியாவுக்கு வரலாம். 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகள், பிறகு 2,500-க்கும் மேல். வந்த எந்திரம் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. 32 கேபி நினைவகம்! பிரிட்டனில் தொலைக்காட்சித் தொடரும் பாடப் புத்தகமும் துணைக்கு வர, வீட்டிலும் பள்ளியிலும் கோடு போட்டு விளையாடிய அதே எந்திரம்தான். இங்கே பள்ளிக்குச் சில எந்திரங்கள், ஆங்கிலத்தில் மென்பொருள், சில வாரப் பயிற்சி எடுத்த ஓரிரு ஆசிரியர்கள். திட்டத்தின் பெயரிலேயே கணினி அறிவு என்றுதான் இருந்தது. பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்து மிரளக் கூடாது என்பது நோக்கம். மிரட்சி போயிருக்கலாம். கட்டளை போடும் முறை எத்தனை பிள்ளைக்கு வந்தது?

காமர்ஸ் படிப்பவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். எந்திரம் மூலதனச் செலவு. ஒரே தடவை டெண்டர், ரிப்பன், போட்டோ. ஆசிரியரின் நேரமோ நடப்புச் செலவு, மாதா மாதம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. 2016-ல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் இதைக் கொஞ்சம் உணர்ந்த திட்டம். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய். பாதி கருவிகளுக்கு, பாதி ஐந்து ஆண்டு நடத்துவதற்கு. வகுத்துப் பார்த்தால் மாதம் சுமார் 16,667 ரூபாய். பராமரிப்பும் உதிரிப் பொருளும் அதற்குள்தான் அடங்க வேண்டும். 3டி பிரிண்டர் ஒரு தடவை மக்கர் செய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் எந்திரப் பஞ்சம் முன்பு போல இல்லை. 2011 முதல் இலவச லேப்டாப், பிறகு 6,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப். 2018, 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலிலேயே ஸ்கிராட்ச், பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். காமர்ஸ் குரூப்புக்குக் கூட ஹெச்டிஎம்எல், பிஹெச்பி உண்டு. மொழித் தடையை உடைக்கவும் ஒருவர் முயன்றார். முத்தையா அண்ணாமலை 2007 வாக்கில் தொடங்கி 2013-ல் பொதுவில் வெளியிட்ட 'எழில்' மொழியில் 'பதிப்பி' என்று தமிழிலேயே எழுதினால் திரையில் எழுத்து வரும். வேலைச் சந்தையில் அதற்கு இடமில்லை என்று சிரித்தவர்கள் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேலைச் சந்தை எதற்கு?

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. கொரோனா விடுமுறை இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. கட்டடம் இல்லை, கருவி இல்லை. தெருவில் படித்த அக்காமார்களே தன்னார்வலர்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம், ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

அந்தத் திண்ணையில் ஆமையையும் உட்கார வைக்கலாம். நியூசிலாந்தில் டிம் பெல் குழுவினர் 1990-களிலேயே கம்ப்யூட்டர் இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் விளையாட்டுகளை உருவாக்கிவிட்டார்கள். ரெட்டிபாளையத்தில் தொடங்க ஒரு சாக்பீஸ் டப்பா போதும். ஒரு பிள்ளை ஆமை. இன்னொரு பிள்ளை கட்டளை போடும். ஆமை சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும், சொந்த புத்தியைக் காட்டக் கூடாது. முதல் நாள் சதுரம். இரண்டாம் நாள் முக்கோணம். ரைட் 60 என்று கட்டாயம் ஒரு குரல் வரும். அப்போது அக்கா வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஹைடெக் லேப் சாவியை மூன்றாவது வாரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.