ஹூக்ளியில் ஒரு முழுக்கு

கல்கத்தா வந்து ஆறு வருஷமாச்சு. ஹௌராவிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் செராம்பூர். போன ஞாயிறுதான் முதல் தடவையாகப் போனேன் (சோம்பேறித்தனம்தான், வேறென்ன). நம்ம தரங்கம்பாடி மாதிரி இதுவும் டேனிஷ்காரர்கள் ஊர். இரண்டையும் 1845-ல் சேர்த்தே பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள்.

இங்கே படித்துறையில் நின்றபோது என் ஞானஸ்நானம் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்ன ஞாபகம், எனக்கு அப்போது மூன்று மாசம்! போதகர் நெற்றியில் தண்ணீர் தெளித்ததற்கு ஒரு கறுப்பு வெள்ளை போட்டோதான் சாட்சி. வில்லியம் கேரிக்கும் குழந்தையில் தெளித்ததுதான். அது போதாது, விசுவாசித்தவன்தான் முழுக வேண்டும் என்று 1783-ல் நேனே ஆற்றில் மறுபடி முழுகினார். செருப்புத் தைத்துப் பிழைத்த மனிதர்.

அவர் வங்காளம் வந்தது 1793-ல். ஏழு வருஷம் பிரசங்கம் பண்ணியும் ஒரு வங்காளிகூட முழுக முன்வரவில்லை. 1800 நவம்பரில் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு வழுக்கி விழுந்து தோள்மூட்டு நழுவியது. மிஷன் டாக்டர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார். அப்படித் தொடங்கியது பழக்கம். டிசம்பர் 22-ந் தேதி கிருஷ்ண பால் மிஷனரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவ்வளவுதான், ஊரே திரண்டு அவரை டேனிஷ் நீதிபதி முன் இழுத்துப் போனது. என்னைக் கேட்டால் ஆற்றில் இறங்குவதற்கு ஆறு நாள் முன்பே, அந்தச் சாப்பாட்டிலேயே அவர் அக்கரை போய்விட்டார்.

28-ந் தேதி, ஞாயிறு. கூடச் சாப்பிட்ட கோகுல் தயங்கிப் பின்வாங்கிவிட்டார். முதலில் கேரியின் மகன் ஃபீலிக்ஸ், பிறகு கிருஷ்ண பால். கூட்டத்தைப் பார்த்துக் கேரி, இந்த ஆறு புனிதம் என்று நாங்கள் நினைக்கவில்லை, இது வெறும் தண்ணீர்தான் என்றார். கங்கைக் கரையில் நின்றுகொண்டு! டேனிஷ் கவர்னர் பீ கண் கலங்கினார். அதே நேரம் புத்தி பேதலித்த டாக்டர் தாமஸ் ஓர் அறையில் கத்திக்கொண்டிருந்தார். கேரியின் மனைவி டாரத்தியும் மனநலம் கெட்டு எதிர்ப்பக்க அறையில் அடைபட்டு அலறிக்கொண்டிருந்தார். பிரசங்கங்களில் இந்தப் பகுதியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1803-ல் கிருஷ்ண பிரசாத் என்ற பிராமணர் முழுக்குப் பெற்றார். அதே வருஷம் தச்சர் கிருஷ்ண பாலின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாண விருந்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.