உங்கப்பன் தவழ்ந்த வருஷம்

ஜப்பானிய ராணுவம் 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த சயாம்–பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதைப் போடும்போது இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் பலருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். எத்தனை பேர் என்பதே இன்றுவரை மதிப்பீடுதான்.

அப்படிப் போய்த் திரும்பாதவர்களில் ஒருவர் என் சின்னத்தாத்தா. பேராக்கில் பால்மரம் வெட்டியவர். அவரைப் பற்றி எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை. தொண்ணூறு வயது அத்தையின் நினைவு மட்டும்தான். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்கிறேன்.

தகவல் தொழில்நுட்பத்தில் தேதி இல்லாத தரவுக்கு மதிப்பில்லை. அத்தையிடம் தேதி கிடையாது. "வருஷமெல்லாம் எனக்கு எப்படிப்பா தெரியும்? சித்தப்பா லாரி ஏறுனப்ப உங்கப்பன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்" என்றார்.

அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் 1942 நவம்பர் என்றிருக்கிறது. அப்படியானால் லாரி வந்தது 1943இன் நடுவில். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லித் தோட்டங்களில் ஆள் திரட்டிய காலம் அது. ரயில்பாதை முகாம்களில் மழையோடு காலரா பரவியதும் அப்போதுதான். "மூணு மாசத்துல வந்திருவேன்னாரு, வெத்தலைப் பெட்டியக்கூட எடுத்துக்கல" என்று அத்தை சொல்வது வரலாற்றோடு அப்படியே பொருந்துகிறது.

அடுத்து அவர் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "சின்னம்மா சாகுற வரைக்கும் தாலியக் கழட்டல. சேதி வந்தாத்தானே கழட்டுறது?"

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் வருஷத்தைக் கேட்டு நிற்காதீர்கள். அப்போது வீட்டில் கைக்குழந்தை யார், அரிசி கிடைத்ததா மரவள்ளிதானா, சம்பளம் எந்த நோட்டில் வந்தது என்று கேளுங்கள். 'வாழைமர நோட்டு' என்ற ஒரு சொல் போதும், கதை ஜப்பான்காரன் காலத்தில் வந்து நின்றுவிடும். பேச்சுவழக்கைத் திருத்தாதீர்கள். அவர்கள் மௌனமாக இருந்தால் பதிவை நிறுத்தாதீர்கள்.

முடிக்கும் முன், திரும்பாதவரின் பெயரையும் தோட்டத்தையும் சொந்த ஊரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பல குடும்பங்களில் அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர் இன்று ஒரே ஒருவர்தான் இருப்பார்.