பூட்டும் சாவியும் காக்கும் உயிர்

ஹைதராபாத் நகரின் மேற்கே உள்ள கொண்டாப்பூர், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை சிற்றூராகவே இருந்தது. 1998-இல் அதன் அண்மையில் சைபர் டவர்ஸ் மாளிகை திறக்கப்பட்ட பின்னர் சுற்றுப்புறமெங்கும் அடுக்கு மாளிகைகள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம்மவர் பலரும் அங்கே குடியேறியிருக்கின்றனர். கணிப்பொறியின் முன் அமர்ந்து பணியாற்றுவோர் வாழும் இடத்தில் இயந்திர விபத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆயினும் அம்மாளிகைகளை வாழவைப்பவை லிஃப்டும், ஜெனரேட்டரும், நீரேற்றும் பம்பும் அல்லவா? அவற்றைப் பழுது பார்க்க ஒருவர் கையை நுழைத்திருக்கையில், வேறொருவர் அறியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு மனித குலம் விடை தேடிய வரலாறு நூற்றெண்பது ஆண்டு நீளமுடையது.

நீராவி ஆலைகளின் காலத்தில் ஒரே எஞ்சின் ஆலை முழுவதையும் இயக்கிற்று. கூரையின் கீழே நீண்ட தண்டு சுழலும். அதிலிருந்து தோல் பட்டைகள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும். ஓர் இயந்திரத்தின் பொருட்டு எஞ்சினை நிறுத்த முதலாளி உடன்படார். ஓடும் சக்கரத்தையே துடைத்தனர், கைகளை இழந்தனர். சிறு பிள்ளைகளும் இவ்வாறு ஊனமுற்றனர். பிரிட்டனில் 1844-இல் இயற்றிய சட்டம், ஓடும் பொறியைப் பிள்ளைகள் துடைக்கலாகாது என்று தடுத்தது. வேலியும் இடச் சொன்னது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் பிறந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஓடும் பொறியை அணுகியே தீரவேண்டுமெனின், பயிற்சி பெற்ற ஆடவர் மட்டுமே, உடலை ஒட்டிய உடை அணிந்து, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட பின் அணுகலாம் என விதித்தது.

இதற்கிடையே அபாயத்தின் உருவமே மாறிவிட்டது. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவைப் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் எட்டியது. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஒன்றை மட்டும் நிறுத்துவது எளிதாயிற்று. ஆனால் நின்ற இயந்திரம் எந்த நொடியிலும் ஓசையின்றி உயிர்பெறக் கூடியதாயிற்று. சுழலும் பட்டையின் அபாயம் கண்ணுக்குத் தெரிந்தது; அணைத்த சுவிட்சின் அபாயம் தெரிவதில்லை. சுருங்கிய வில்லிலும், அடைபட்ட காற்றிலும், உயர்த்தி நிறுத்திய பாரத்திலும் ஆற்றல் உறங்கிக் கிடக்கிறது.

இதற்குரிய மருந்தின் சாயலை இரயில்வே முன்னரே கண்டிருந்தது. ஒற்றைப் பாதையில் ஒரு சமயத்தில் ஒரே டோக்கன்தான் வெளிவரும். அது கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியைச் செலுத்தலாகாது. பழுது பார்ப்போர் கையில் உள்ள பூட்டின் சாவியும் அத்தகையதே. தற்செயலாக இயங்கு நிலைக்கு நழுவக்கூடிய சுவிட்சைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று 1976-இல் நம் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அமெரிக்கா 1989-இல் இதற்கெனத் தனி விதியே வகுத்தது.

விதி ஏட்டில் இருந்தால் போதுமா? 1981 டிசம்பரில் போபால் யூனியன் கார்பைடு ஆலையில், பராமரிப்புப் பணியின்போது ஃபாஸ்ஜீன் நஞ்சு தாக்கித் தொழிலாளி ஒருவர் மாண்டார். மறு ஆண்டு நிறுவனத்தின் ஆய்வாளர்களே வந்து பார்த்து, குழாயில் அடைப்புத் தகடு செருகாமல் வடிகட்டிகளைத் துப்புரவு செய்கின்றனர் என எழுதிவைத்தனர். 1984 டிசம்பரில் நேர்ந்த பேரழிவில் தொட்டிக்குள் நீர் எவ்வாறு புகுந்தது என்பது பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எச்சரிக்கை முன்னரே ஏட்டில் இருந்தது என்பதில் வேற்றுமை இல்லை.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டங்கள் மாறினும் முறை ஒன்றே: நிறுத்துக, மின்சாரத்தைத் துண்டிக்க, பூட்டுக, எஞ்சிய ஆற்றலை வடிக்க, இயக்கிப் பார்த்து, இயங்காது என உறுதி செய்த பின்னரே தொடுக. பூட்டியவரே திறக்க வேண்டும். நால்வர் பணிபுரிந்தால் நான்கு பூட்டுகள் தொங்க வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப்பொருள் உண்டு. 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்னும் அட்டை ஏதேனும் ஒரு மொழியில்தான் எழுதப்படும். கொண்டாப்பூரில் தெலுங்கரும் தமிழரும் ஒடியரும் பீகாரியரும் ஒரே கட்டடத்தில் உழைக்கக்கூடும். தெலுங்கு அட்டை தமிழருக்கு விளங்காது. தமிழ் அட்டை ஒடியருக்கு விளங்காது. பூட்டுக்கோ மொழியில்லை, அது எவரையும் தடுக்கும். ஆகவே நம் குடியிருப்பில் லிஃப்ட் பழுது பார்க்க ஒருவர் வருங்கால், "எப்பொழுது முடியும்?" என்று வினவுமுன், "சுவிட்சைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டீர்களா?" என வினவுவோமாக. அவருடைய வீட்டிலும் அவரை எதிர்நோக்கி இருப்போர் உளர்.