பாரிஸுக்கு எட்டு ஆண்டு முன்பே

சென்ற வாரம் பாரிஸில் நிறுத்தியிருந்தேன். 1934-இல் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டாரும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினும் கைகோத்த கதை. ஜாஸில் இந்த ஜோடிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் அவர்கள்தான் என்று யாராவது நினைத்துவிட்டால் குற்றம் என்னுடையது. சுழி அமெரிக்காவில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் இத்தாலியர்கள் குடியேறிய தெருக்களில் ஒன்றாகப் படித்த பையன்கள் இருவர். ஒருவன் ஜோ வெனூட்டி. மற்றவன் நரம்புக் கருவிகள் செய்பவரின் மகன் சல்வடோரே மஸ்ஸாரோ. பின்னாளில் எடி லாங். இருவரும் முதலில் எடுத்தது வயலின். ஜோ அதிலேயே தங்கிவிட்டான், எடி கிட்டாருக்கு மாறினான். 1926-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக 'ஸ்ட்ரிங்கிங் தி புளூஸ்', 'பிளாக் அண்ட் புளூ பாட்டம்' என இரண்டு உருப்படிகளைப் பதிந்தார்கள். தலா மூன்று நிமிடம்தான்.

அதற்கு முன்னால் இப்படிப் பதிய ஏன் முடியவில்லை? 1925 வரை பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரு பெரிய புனலுக்குள் ஒலியைச் செலுத்த வேண்டும். அந்த ஒலியின் வலுவில்தான் ஊசி தட்டைக் கீறும். சாது கிட்டார் அங்கே காணாமல் போய்விடும். கணீரென்ற பாஞ்சோதான் செல்லுபடியாகும். மின்சார மைக் வந்த பிறகுதான் லாங்கின் விரல் நமக்குக் கேட்கிறது. கேட்டுப் பாருங்கள்: தாளத்தை ஒப்பேற்றுகிற வாசிப்பல்ல அது. கீழ் ஸ்வரம் ஒரு பக்கம் நடக்க, வயலின் மூச்சு வாங்கும் இடைவெளியில் குட்டி ராகக் கோடு ஒன்று பாய்ந்து மறையும். எனக்கென்னவோ, வயலினைவிட கிட்டாருக்காகவே இந்தத் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது.

வெனூட்டி மட்டும் லேசுப்பட்டவரா? வில்லின் நாரைக் கழற்றி, கட்டையை வயலினுக்கு அடியில் கொடுத்து, நாரை நான்கு தந்திகளுக்கும் மேலாகப் போட்டு இழுப்பார். நான்கும் ஒரே நேரத்தில் பேசும்.

இவ்வளவு இருந்தும் லாங்கின் பெயர் மங்கியது. கறுப்பினக் கலைஞர் லோனி ஜான்சனோடு அவர் வாசித்த அருமையான கிட்டார் ஜோடித் தட்டுகளில் லாங்கின் பெயருக்குப் பதில் 'பிளைண்ட் வில்லி டன்' என்று அச்சிட்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்ததை லேபிளில் காட்டும் காலமல்ல அது. லேபிளை நம்பித் தேடுகிறவருக்கு லாங் எங்கே கிடைப்பார்?

1933 மார்ச் 26. டான்சில் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து லாங் இறந்தார். வயது 30. பாரிஸ் குழு அப்போது பிறக்கவேயில்லை.

வெனூட்டி 1978 வரை இருந்தார். 1969-இல் பாரிஸில் கிராப்பெல்லியும் அவரும் ஒன்றாக ஒரு தட்டுப் பதிந்தார்கள். இரண்டு பெயர்களையும் ஒட்டி 'வெனுப்பெல்லி புளூஸ்' என்று அதற்குத் தலைப்பு. கிட்டார் வாசித்தவர் பார்னி கெஸல்.