ஊவாத் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமை

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை வட்டாரத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர் வாக்கைப் பெற்று, இழந்து, திரும்ப மீட்ட வரலாறு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தலைமுறைக்கு வாக்கு என்ற பேச்சே இல்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமை தந்தபோதும், தோட்டத்தார் நிரந்தரக் குடியிருப்பை நிறுவ வேண்டியிருந்தது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. இரட்டை அங்கத்தவர் தொகுதியான பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவருக்கு அந்தப் பிறப்பு மட்டும் போதவில்லை. தகப்பன் பிறந்ததும் இங்கேதான் என்று காட்ட வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழி திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இங்கே வசித்திருக்க வேண்டும். வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் நாள்தோறும் பேர் கூப்பிட்ட செக்ரோல் ஏடு இப்போது வசிப்புக்குச் சாட்சியானது. ஒரு சாவுக்கோ கலியாணத்துக்கோ இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியவரின் கணக்கு அறுந்தது. இச்சட்டத்தை முதலில் புறக்கணித்த காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்கச் சொன்னது. 1951 ஆகஸ்டு 5 கெடுவுக்குள் 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மனுக்கள் போயின. உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே. 1949இன் 48ஆம் இலக்கத் திருத்தம் பிரஜையல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை. இந்தச் சட்டங்களை எதிர்த்த கோடகன் பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சிலும் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

இந்தச் சட்டங்களின் நோக்கம் பற்றி ஒத்த கருத்தில்லை. தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போனதே காரணம் என்பர் சிலர். கண்டிச் சிங்களவரின் அச்சத்தை முன்வைப்பர் வேறு சிலர்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. இந்தியாவுக்குப் போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தார் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1984இல் அங்கிருந்து இந்தியா சென்ற கப்பல் நின்றது.

1986, 1988, 2003 சட்டங்கள் எஞ்சியோரைப் பிரஜைகளாக்கின. ஆனால் 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டங்களுக்குள் செலவாவதைத் தடுத்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் அந்தப் பிரிவு நடப்பில் இருந்தது, 2018இலேயே திருத்தப்பட்டது. 2024இல் மலையகத் தமிழரான அம்பிகா சாமுவேல் பதுளை மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.